வரிசையில் நின்ற சாவுச் செய்தி

பிரேமாவதி எதையும் தூக்கிப் போட மாட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சனிக்கிழமை அவள் ஊரான பாக்கார் ஆராங்கில் நடந்த கூத்துக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. ஐஸ்கிரீம் டப்பா, மைலோ டின், கல்யாணத்தில் தேங்காய் போட்டுக் கொடுத்த பை, கைப்பிடி உடைந்த குடை எல்லாம் அவள் வீட்டு ஸ்டோர் அறையில் சுகமாக இருக்கும். "என்னிக்காச்சும் உதவும் லா" என்பாள். புருஷன் அம்மாசி அந்த அறைக்குள் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் நுழைவார். தலையில் என்ன விழும் என்று அவருக்கே தெரியாது.

செர்டாங் பக்கம் எஸ்டேட்டில் பிறந்தவள், இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டாள். சுங்கைப்பட்டாணியில் ஒரு கையுறைத் தொழிற்சாலையின் கணினிப் பிரிவில் வேலை. அங்கே அவளை யாரும் பெரிதாக மதிப்பதில்லை. பிரிண்டரில் காகிதம் சிக்கினால்தான் அவள் பெயர் ஞாபகம் வரும். அவளுக்கு மரியாதை கிடைத்த ஒரே இடம் அவள் குடியிருக்கும் தாமானின் நல்வாழ்வுச் சங்கம். அங்கே அவள் 'மெஷின் அக்கா'.

அந்த மெஷின் ஒரு லினக்ஸ் சர்வர். தொழிற்சாலை கழித்துப் போட்ட கணினியைக் கேட்டு வாங்கி வந்து, ஸ்டோர் அறையில் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் வைத்து, சங்கத்துக்காக ஓட்டிக்கொண்டிருந்தாள். சங்கத் தலைவர் மணியம் தன் ஃபோனிலிருந்து ஒரு மின்னஞ்சல் போட்டால், மெஷின் அதை வாங்கி வரிசையில் நிறுத்தி, கோலாலம்பூரில் ஒரு கம்பெனிக்கு அனுப்பும். கம்பெனி அதைக் குறுஞ்செய்தியாக்கி, உறுப்பினர் அத்தனை பேர் ஃபோனிலும் 'டிங்' என்று இறக்கும். சாவு, கல்யாணம், கோயில் துப்புரவு, தண்ணீர் வெட்டு எல்லாம் அந்த டிங்கில்தான் ஊருக்குத் தெரியும்.

சாதாரணமாக இப்படிப்பட்ட மெஷின், போய்ச் சேராத கடிதத்தை ஐந்து நாள் முயன்று பார்த்துவிட்டு அனுப்பியவருக்கே திருப்பிவிடும். பிரேமாவதிக்கு அந்தப் பழக்கம் பிடிக்கவில்லை. "ஒருத்தர் குடுத்தனுப்பினத அவரு மூஞ்சியிலேயே திருப்பி அடிக்கிறதா? நம்ம ஆளுங்க வெறும் பாத்திரத்தக்கூட சும்மா திருப்பிக் குடுக்க மாட்டாங்க" என்று சொல்லி, எத்தனை காலம் ஆனாலும் வைத்துக்கொண்டு காத்திரு என்று மாற்றிவைத்தாள்.

கொரோனா வந்து நடமாட்டக் கட்டுப்பாடு போட்டபோது மணியம் தன் பங்குக்கு ஒரு குழப்பத்தைச் சேர்த்தார். "பிரேமா, ஒண்ணும் வெளிய போகக்கூடாது. நாம சேதி அனுப்பி நாலு பேரு கூடினா, போலீஸ்காரன் நம்மளத்தான் புடிப்பான்." அழித்துவிடு என்று சொன்னாரா? இல்லை. சொன்னாலும் அவள் அழிப்பவளா? வந்ததையெல்லாம் ஓரமாகப் பிடித்துவைக்கும்படி மெஷினுக்கு ஒரு வரி எழுதினாள். சொன்னவரே பழக்கத்தில் அறிவிப்பு போட்டுக்கொண்டுதான் இருந்தார். கட்டுப்பாடு நீங்கியதும் அந்த வரியை எடுத்தாள். புதியவை ஒழுங்காகப் போயின. ஓரத்தில் நிறுத்தியவை ஓரத்திலேயே நின்றன. நிற்கட்டுமே, அவை என்ன சோறா கேட்கின்றன?

அவளுக்கு ஒரு வேதவாக்கு உண்டு. "மனுசன் பொய் சொல்லுவான். மெஷின் பொய் சொல்லாது." எடுத்ததற்கெல்லாம் இதைச் சொல்வாள். ஒரு முறை மெஷின் கடிகாரம் வெள்ளிக்கிழமை என்று காட்டியதை நம்பி, வியாழக்கிழமையே வீட்டில் கோழி வாங்க விடாமல் அம்மாசியைத் தடுத்தவள்.

அப்படிப்பட்ட மெஷின் இப்போது மணியத்துக்குக் கசந்துவிட்டது. அந்த வாரம் அவர் போட்ட ஓர் அறிவிப்பும் ஒருவருக்கும் போகவில்லை. "எல்லாரும் வாட்ஸ்அப்புக்குப் போயாச்சும்மா. சனிக்கிழம சாயங்காலம் பொதுக்கூட்டம். அதுக்குள்ள சரியாச்சின்னா பாப்போம். இல்லன்னா கை தூக்கச் சொல்லி மூடிற வேண்டியதுதான்" என்றார்.  மெஷின் போய்விட்டால் பிரேமாவதி இங்கேயும் வெறும் பிரிண்டர் அக்காதான்.

சனிக்கிழமை காலை வேலைக்குக் கிளம்பும்போது அம்மாசி வேறு வம்புக்கு வந்தார். லோரி ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர்; மதியத் தூக்கம் ஒன்றுதான் அவருடைய சொத்து. மெஷினின் காற்றாடி சுவருக்கு அந்தப் பக்கம் ஙொய்யென்று கத்துவதில் அந்தச் சொத்து பறிபோய்க்கொண்டிருந்தது.

"அதையே கட்டிக்கிட்டு அழு! நாளைக்கி நான் செத்தாக்கூட உனக்கு அதுதான் மொதல்ல சொல்லும்."

"சொன்னா சரியாத்தான் சொல்லும்" என்று பிரேமாவதி செருப்பை மாட்டினாள்.

காலங்காத்தாலே பேசுகிற பேச்சா இது? இரண்டு பேர் நாக்கிலும் சனி ஒரே நேரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

தொழிற்சாலையில் சாப்பாட்டு மணி அடித்தது. மற்றவர்கள் கேன்டீனுக்குப் போக, பிரேமாவதி திரையில் கறுப்புச் சன்னல் ஒன்றைத் திறந்து வீட்டு மெஷினுக்குள் நுழைந்தாள். அஞ்சல் சேவை ஓடுகிறதா என்று கேட்டாள். ஓடுகிறேன் என்றது. வெளியே தொடர்பு இருக்கிறதா என்று ஓர் எண்ணைக் கொடுத்துக் கூப்பிட்டுப் பார்த்தாள். உடனே பதில் வந்தது. கோலாலம்பூர் கம்பெனியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மெஷின் வாயே திறக்கவில்லை. ஆ, அப்படியா சங்கதி! ரோடு நன்றாக இருக்கிறது, விலாசம் சொல்கிற ஆளைத்தான் காணோம்.

பெயரைக் கேட்டால் அதற்குரிய எண்ணைச் சொல்லும் வேலையை அவள் வீட்டில் ஒரு பழைய ரூட்டர் பெட்டி செய்துவந்தது. புது ரூட்டர் வந்த பிறகும் பழையதைத் தூக்கிப் போட மனம் வராமல், இந்த ஒரு வேலையைக் கொடுத்து உட்கார வைத்திருந்தாள். திங்கட்கிழமை இடி விழுந்தபோது அது கருகிச் செத்துவிட்டது. அது தெரியாமல் மெஷின் ஐந்து நாளாகச் செத்தவனிடமே வழி கேட்டுக்கொண்டு நிற்கிறது. பிரேமாவதி அமைப்புக் கோப்பில் செத்தவன் எண்ணை எடுத்துவிட்டுப் புது ரூட்டரின் எண்ணை எழுதினாள். மறுபடி கம்பெனி பெயரைச் சொன்னாள். எண் டக்கென்று வந்து விழுந்தது.

அத்தோடு எழுந்து போய்ச் சாப்பிட்டிருக்கலாம். வரிசை தானாகவே நகர்ந்திருக்கும். ஆனால் பாழாய்ப்போன ஆசை, வரிசையைப் பார்த்தாள். திரை நிரம்பி வழிந்தது. பாதிக்கு மேல் 'பிடித்துவைக்கப்பட்டவை' என்ற குறியோடு நின்றன. தேதிகள் சரசரவென்று மேலே ஓடியதை அவள் கவனிக்கவில்லை. எல்லாம் இந்த வாரம் சிக்கியவை என்றே நினைத்தாள். பார்த்துப் பார்த்துப் பொறுக்கி அனுப்ப ஒரு கட்டளை உண்டு. மொத்தமாக அவிழ்த்துவிட ஒரு கட்டளை உண்டு. பந்தியில் உட்கார்ந்தவர்களில் ஒருவனுக்கு இலை போட்டு ஒருவனை விடுவது பாவம் என்று கேட்டு வளர்ந்தவள் எதைத் தட்டுவாள்? 'எல்லாம்' என்று தட்டினாள்.

சோற்று டப்பாவைத் திறந்தாள். ஃபோன் டிங் என்றது. அவள் முகம் மலர்ந்துவிட்டது. போகிறது!

'விக்னேஸ்வரன் திருமணம் தள்ளிவைக்கப்பட்டுள்ளது' என்றது முதல் செய்தி. விக்னேஸ்வரனுக்கு இரண்டு பிள்ளைகள். பிரேமாவதி புருவத்தைச் சுருக்கினாள். 'கோயில் துப்புரவு. அனைவரும் மண்வெட்டியுடன் வரவும்' என்றது இரண்டாவது. மூன்றாவது இது:

'மரண அறிவிப்பு. நம் உறுப்பினர், பாக்கார் ஆராங் அம்மாசி காலமானார். இறுதிச் சடங்கு இன்று மாலை இல்லத்தில். மணியம், தலைவர்.'

இந்த இடத்தில் அவள்மேல் கோபம்தான் வருகிறது. பிள்ளை பெற்றவனின் கல்யாணம் தள்ளிப்போன செய்தியைப் பார்த்த உடனே, பழைய சரக்கு வெளியே வந்துவிட்டது என்று அவளுக்கு உறைத்திருக்க வேண்டாமா? உறைத்தது. பாதி உறைப்பதற்குள் புருஷன் பெயரைப் பார்த்துவிட்டாள். மெஷின் பொய் சொல்லாது. வீட்டுக்குக் கூப்பிட்டாள், அம்மாசியின் ஃபோன் அடைத்திருந்தது. மதியத் தூக்கத்துக்கு அவர் ஃபோனை அடைப்பது அதை வாங்கின நாளிலிருந்து அவளுக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை.

சோற்று டப்பா திறந்தபடி கிடக்க, காடியை எடுத்துக்கொண்டு பறந்தாள். வழியெல்லாம் அழுதாள். ஒரு வாய் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கக் கூடாதா, 'சரியாத்தான் சொல்லும்' என்று சொன்ன வாயில் மண்ணை அள்ளிப் போட வேண்டாமா என்று தன்னையே திட்டிக்கொண்டு அழுதாள். சிவப்பு விளக்கில் பக்கத்துக் காடிக்காரன் பயந்துபோய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான்.

வீட்டு வாசலில் அம்மாசி சாரத்தோடு நின்று கேட்டைத் திறந்துவிட்டார்.

"என்னா சீக்கிரம் வந்துட்ட? ஏன் அழுவுற?"

"நீங்க செத்துட்டீங்க."

"யாரு சொன்னா?"

"மெஷின் சொல்லிச்சி."

அம்மாசி குனிந்து தன் தொப்பையைப் பார்த்துக்கொண்டார். "இப்பத்தான சோறு தின்னேன்" என்றார், கொஞ்சம் சந்தேகத்தோடு.

பிரேமாவதி அவர் கையைத் தொட்டாள், கன்னத்தைக் கிள்ளினாள். சூடு இருந்தது. வலித்தது என்று அவர் கத்தவும் செய்தார். ஆனாலும் அவள் ஃபோனை ஒரு தடவை, முகத்தை ஒரு தடவை என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றாள். நல்லதென்றால் சொன்னால்தான் போக வேண்டும், கெட்டதென்றால் கேட்டாலே போக வேண்டும் என்பது நம் ஆட்களின் சட்டம். ஃபோன் போட்டு 'செத்தது நெசமா?' என்று கேட்க எவனுக்கு வாய் வரும்? ஊர் கிளம்பிவிட்டது.

முதலில் வந்தது இருளப்பன். கோயில் காரியங்களுக்கெல்லாம் சட்டம் சொல்கிற பெரியவர். துப்புரவு என்று கோயிலுக்குப் போனவர், சாவுச் செய்தி பார்த்ததும் அங்கிருந்த நாலு பேரையும் கூட்டிக்கொண்டு நேரே வந்துவிட்டார். எல்லார் தோளிலும் மண்வெட்டி.

"மம்பட்டி எதுக்குடா?" என்று அம்மாசி இரண்டடி பின்னால் போனார்.

அடுத்து, யாரோ சொல்லிக் கேட்டு, அலோர் ஸ்டார் மெர்கோங்கிலிருந்து அம்மாசியின் தங்கை வாசுகி. காடியிலிருந்து இறங்கும்போதே "என் கூடப்பொறந்த ராசாவே, என்ன விட்டுட்டுப் போயிட்டியே" என்று மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். அண்ணன் எதிரிலேயே நிற்பதைப் பார்த்தாள். ஆனால் அலோர் ஸ்டாரிலிருந்து வேகம் பிடித்து வந்த அழுகை, பிரேக் போட்டவுடன் நிற்குமா?

"கொஞ்சம் ஒக்காருண்ணே. அழுது முடிச்சிர்றேன்" என்றாள். அம்மாசி வேறு வழியில்லாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் அவர் காலடியில் உட்கார்ந்து, சின்ன வயதில் அவர் மரமேறிப் பறித்துக் கொடுத்த ரம்புத்தானிலிருந்து தொடங்கினாள். பாதியில் அவரே சாரத்து நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் காஜா மைதீனின் வேன் வந்து நின்றது. சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். அவருக்கு அதே டிங்கில் சங்கத்து ஆண்டு விருந்துக்கான பழைய பிரியாணி ஆர்டரும் வந்திருந்தது, சாவும் வந்திருந்தது. இரண்டு அண்டாவை இறக்கி வைத்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்தார். "சாவு வீட்டுல பிரியாணி கேக்க மாட்டாங்களேன்னு நெனச்சேன். ஆனா சங்கத்து ஆர்டராச்சே! கடையில இருந்ததையெல்லாம் அள்ளிப் போட்டு ஆக்கியாந்துட்டேன்" என்றவர், நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார். "அம்மாசி அண்ணே, யாரு செத்தது?"

"நான்தான் பாய்" என்றார் அம்மாசி.

மாலையும் கையுமாக முற்றம் நிறைந்த பிறகு, கடைசியாகப் பிரேத வேனில் மணியம் வந்து இறங்கினார். அம்மாசியைப் பார்த்ததும் அவருக்கு வாய் கோணிக்கொண்டது. "யோவ், சேதி அனுப்பினதே நீதானய்யா!" என்று அம்மாசி எகிறினார்.

"ஆமா, எம்பேருதான் போட்டிருந்திச்சி" என்றார் மணியம் தலையைச் சொறிந்துகொண்டு. "அனுப்பின ஞாபகம் இல்ல. ஆனா நானே அனுப்பியிருக்கேன்னா நெசமாத்தான் இருக்கும்னு வேன எடுத்துட்டேன்."

நன்றாக இருக்கிறது நியாயம்! வேனில் சாய்ந்து யோசித்தவருக்குத் திடீரென்று முகம் வெளுத்தது. கொரோனா நேரத்தில் அம்மாசி ஆஸ்பத்திரியில் கிடந்தார். உள்ளே ஒருவரையும் விடவில்லை. பக்கத்துக் கட்டில்காரர் இறந்ததை அம்மாசி என்று யாரோ சொல்ல, மணியம் அறிவிப்பை அடித்துவிட்டார். "மறுநாளே திருத்தம் போட்டுட்டேன் லா! சத்தியமா!" என்று தலையில் அடித்தார். "ரெண்டும் ஒருத்தருக்கும் போகலன்னு விட்டுட்டேன்."

"ரெண்டையும் நான்தான் புடிச்சி வெச்சிருந்தேன்" என்றாள் பிரேமாவதி. "இன்னிக்கி எல்லாத்தையும் நான்தான் அவுத்து விட்டேன்."

 அந்த நாட்களில் அவர் திரும்பி வர வேண்டுமே என்று அவள் வேண்டாத சாமி இல்லை. அவர் திரும்பி வந்து, சாப்பிட்டு, மதியம் தூங்கி, சண்டை போட்டு வாழ்ந்த இத்தனை வருடமும், அவருடைய சாவு சுவருக்கு அந்தப் பக்கம் அரிசி டின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்திருக்கிறது. அவள்தான் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள்.

"செத்தான்னு சேதி வந்தா ஆயுசு கெட்டி" என்று இருளப்பன் முடித்துவைத்தார். எல்லாரும் மூச்சு விட்டார்கள். ஆனால் அவரே அடுத்த சிக்கலையும் எடுத்தார். "மாலைங்கள என்னா பண்றது? சாவுக்குன்னு வாங்கினத வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு போகக்கூடாது. உசுரோட இருக்கறவனுக்கும் போடக்கூடாது."

முற்றமே தன் கையில் இருந்த மாலையைப் பார்த்தது. சிலர் அம்மாசியைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை அவருக்குப் பிடிக்கவில்லை.

"செத்தது ஒண்ணு வேணும், அவ்வளவுதான?" என்று மணியத்துக்கு உயிர் வந்துவிட்டது. "கூட்டத்த இங்கியே வெச்சிருவோம். ஊரயே சாவுக்கு இழுத்த மெஷினுக்கு மாலயப் போட்டு, இதே வேன்ல ஏத்திருவோம். என்னா சொல்றீங்க?"

சரி சரி என்று கூட்டம் எழுந்தது.  தப்பு பிரேமாவதியுடையது, எந்த முகத்தோடு மெஷினுக்காக வாதாடுவாள்? ஒன்றே ஒன்று கேட்டாள். "கரண்ட அப்படியே புடுங்காதீங்கண்ணே. நானே முறையா மூடிர்றேன்."

ஸ்டோர் அறையில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். வாசற்படி வரை ஆட்கள், மாலைகள், பிரியாணி வாசம். மூடும் கட்டளையைப் பாதி தட்டியவள் கை நின்றது. பழக்கத்தில் வரிசையை ஒரு தடவை பார்த்தாள். ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. ஒரே நேரத்தில் இத்தனை செய்தியா என்று கம்பெனி மிரண்டு, 'பிறகு வா' என்று அதைத் திருப்பியிருந்தது. அனுப்பியவர் மணியம். தேதி, அந்தக் கொரோனா வருடம்.

"இன்னும் ஒண்ணு நிக்கிது" என்றாள்.

"அட, விட்டுத் தொலம்மா" என்றார் மணியம்.

"மாட்டேன். வரிசையில நின்னவன எலை போடாம அனுப்பினதில்ல நான்."

அந்தக் குரலில் ஏதோ இருந்தது. மணியம் ஓரடி பின்னால் நகர்ந்தார். அவள் தட்டினாள். காற்றாடி ஙொய்யென்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் பாக்கெட்டிலும் கைப்பையிலும் மடியிலும் இருந்த அத்தனை ஃபோனும் சேர்ந்து டிங் என்றன.

'திருத்தம். அம்மாசி இறக்கவில்லை. உயிரோடு நலமாக இருக்கிறார். தவறுக்கு வருந்துகிறோம். மணியம், தலைவர்.'

வாசுகியின் அழுகை அப்போதுதான் நின்றது. அம்மாசி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். முடித்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. "ஆமா லா" என்றார். "இருக்கேன்."

பிரேமாவதி ஊர் பார்க்கிறதே என்று கூட நினைக்காமல் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். வழியெல்லாம் அழுதது வேறு, இது வேறு. அவர் திரும்பி வந்துவிட்டார் என்பதை மெஷினே சொன்ன பிறகுதான் அந்தப் பைத்தியக்காரி நம்பினாள்.

மணியம் தொண்டையைக் கனைத்தார். ஆயிரம் இருந்தாலும் தலைவர். "சரி. மெஷின மூடணும்கறவங்க கை தூக்குங்க." ஒருவரும் தூக்கவில்லை, அவருக்கும் தூக்க வரவில்லை. "வெச்சிக்கணும்கறவங்க?" முதலில் உயர்ந்தது அம்மாசியின் கை. "வாட்ஸ்அப்புல போட்டிருந்தா எல்லாரும் ஒரு கும்புடு படத்தப் போட்டுட்டு வீட்டுலயே ஒக்காந்திருப்பானுங்க" என்றார் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "இது சொன்னதாலதான் இத்தன பேரு வந்தீங்க."

"அது சரி, மாலை?" என்றார் இருளப்பன் விடாமல்.

பிரேமாவதி எழுந்தாள். மைலோ டின்களுக்குப் பின்னால் கையை விட்டு, கருகிப்போன பழைய ரூட்டரை எடுத்தாள். ஒரு நிமிடம் அதைத் தடவிப் பார்த்தாள். "இது நெசமாவே செத்திருச்சி. திங்கக்கெழம" என்று மணியத்தின் கையில் கொடுத்தாள். அந்த வீட்டிலிருந்து ஒரு சாமான் வெளியே போனதை அம்மாசி அன்றைக்குத்தான் பார்த்தார். பெட்டியே தெரியாத அளவுக்கு மாலை விழுந்தது. பிரேத வேன் அதை ஏற்றிக்கொண்டு போனது. செத்தது ரூட்டர் என்பதால் தலை முழுக வேண்டாம், காலைக் கழுவினால் போதும் என்று இருளப்பன் சட்டம் சொல்ல, ஊர் பிரியாணிக்கு உட்கார்ந்தது.

சாப்பிட்டவர்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசாமல் கிளம்பினார்கள். அம்மாசிக்கு மனத்தாங்கல். "ஒருத்தனும் போயிட்டு வரேன்னு சொல்லலியே?"

"சாவு வீட்டுல சொல்லிட்டுப் போக மாட்டாங்க லா" என்றாள் பிரேமாவதி.

"உள்ள இன்னும் ஏதாச்சும் நிக்கிதா?"

"இல்ல. வரிசை காலி."

விட்டுப்போன தூக்கத்தைப் பிடிக்க அவர் போய்ப் படுத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் காற்றாடி கத்தியது. அதையும் மீறிக் குறட்டை வந்தது. பிரேமாவதி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கேயோ அவள் ஃபோன் டிங் என்றது. அவள் எழுந்து போகவில்லை.